பாதியில் திரும்பியவர்கள் எந்தத் தரவில் இருக்கிறார்கள்? ஆய்வு நிதித் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆய்வு நிதியுதவித் தேர்வுக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

திருநெல்வேலி மாவட்டக் கிராமங்களில் ஏழை மக்கள் நீதியைத் தேடிப் போகும் வழிகளையும், போனவர்கள் பாதியில் திரும்பிவிடும் காரணங்களையும் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வுக்கு நிதியுதவி இல்லை என்ற தங்கள் முடிவு சென்ற மாதம் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. அதில் மூன்று காரணங்கள் சொல்லப்பட்டிருந்தன. ஆய்வுக்களம் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது என்பது முதலாவது. வழக்குகளைப் பற்றிய தரவுகள் இணையத்திலேயே கிடைக்கும்போது 14 மாதக் களப்பணி மிகை என்பது இரண்டாவது. கிராமப் பயணச் செலவும், என்னிடம் பேசுகிறவர்களுக்கு நான் கேட்டிருந்த கூலியிழப்புத் தொகையும் நிதி விதிகளுக்குள் வரா என்பது மூன்றாவது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுவது ஆய்வு மாணவர்களுக்குப் புதிதல்ல. தகுதி போதாது என்று சொல்லியிருந்தால் திருத்தி எழுதிக்கொண்டு அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பித்திருப்பேன். ஆனால் இந்த மூன்று காரணங்களையும் சேர்த்துப் படித்தால், நீதிமன்றக் கோப்பில் இடம்பெறாத மனிதர்களைப் பற்றி ஆராய்ச்சியே வேண்டாம் என்ற பொருள்தான் வருகிறது. அதை வாய்மூடி ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. ஆகவே தனி மேல்முறையீடாக அனுப்பாமல், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

இரண்டாவது காரணத்திலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டும் அதன்மேல்தான் நிற்கின்றன.

என் ஊர் களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சிற்றூர். அப்பா இறந்தபின் எங்களுக்கு மிஞ்சியது 30 சென்ட் நஞ்சையும் அம்மா சுற்றும் பீடியும்தான். 2010-இல் அந்த நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் முள்வேலி போட்டு அடைத்தார். அவர் ஊரில் பெரிய குடும்பம். நாங்கள் வேறு தெரு. அம்மா கிராம நிர்வாக அலுவலரிடம் போனார். பாதை வரைபடத்தில் இல்லை, காலங்காலமாக நடந்து பழகிய அனுபவப் பாதைதான் என்று சொல்லிவிட்டார்கள். காவல் நிலையத்துக்குப் போனார். "இது சிவில் மேட்டரும்மா, கோர்ட்ல பாத்துக்கோங்க" என்று மனுவைக் கையில்கூட வாங்காமல் அனுப்பிவிட்டார்கள். ஊர்க்கூட்டத்தில் சொன்னார், வேலி போட்டவரின் தாய்மாமனே நடுவில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் 2011-இல் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். வக்கீல் கட்டணத்துக்குக் காதில் கிடந்த கம்மல் போயிற்று.

பீடிக்கடைக் கணக்கு நோட்டிலேயே வாய்தாத் தேதிகளையும் குறித்துவைக்கச் சொன்னார் அம்மா. அப்போது எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான்தான் எழுதுவேன். அந்த நோட்டு இன்று என் மேசைமேல் இருக்கிறது. இடப்பக்கம் கடையில் வாங்கிய இலையின் எடை, தூளின் எடை. வலப்பக்கம் சுற்றிக் கொடுத்த பீடியின் எண்ணிக்கை. சாதாரண நாள்களில் 700, 750, சில நாள் 800. வாய்தாத் தேதிக்கு நேராக நீல மையில் நான் போட்ட ஒரு சுழி இருக்கும். அதற்கு எதிரே எண்ணிக்கை இராது, இருந்தால் 120 அல்லது 150 என்று இருக்கும். விடியுமுன் எழுந்து, இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய அவசரத்தில், சுளகை மடியில் வைத்துச் சுற்றியது அவ்வளவுதான். அடுத்த நாள் வரியில் 900 என்று நிற்கும். விட்டதைப் பிடிக்க விளக்கடியில் உட்கார்ந்த இரவு அது. சுழிகளின் பக்கத்தில் என் சின்ன எழுத்தில் குறிப்புகளும் உண்டு: "ஜட்ஜ் லீவு", "எதிர் வக்கீல் வரல", "குமாஸ்தாவுக்கு 50", மறுபடியும் "ஜட்ஜ் லீவு".

மொத்தம் 11 சுழிகள். பதினோராவது வாய்தா அன்று, பக்கத்து ஊரில் முந்தின இரவு நடந்த வெட்டுக்குத்தின் காரணமாகக் காலைப் பேருந்து வரவில்லை. அம்மா களக்காடு வரை நடந்து, அங்கிருந்து கிடைத்த வண்டியில் ஏறி, மதியம் பன்னிரண்டரைக்கு நீதிமன்றம் போய்ச் சேர்ந்தார். நீதிமன்றச் சேவகரான டவாலி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டாகிவிட்டது. எங்கள் வக்கீலும் அன்று வரவில்லை. "தள்ளுபடி ஆயிட்டும்மா, வக்கீல் ஐயாவப் பாருங்க" என்று குமாஸ்தா சொன்னார். வாதி வராமையால் வழக்கு தள்ளுபடி. வக்கீலைப் பிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. பிடித்தபோது அவர் புதிதாகக் கட்டணம் கேட்டார். அம்மா நோட்டை மூடி வைத்தார்.

இப்படித் தள்ளுபடியான வழக்கை மீண்டும் கோப்பில் எடுக்கக் கோரலாம் என்பதும், அதற்கு 30 நாள் அவகாசம் உண்டு என்பதும் அன்று எங்களுக்குத் தெரியாது. பெண் என்ற ஒரே காரணத்தினாலேயே, வருமான வரம்பு எதுவும் பார்க்காமல், 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்கீழ் இலவச வக்கீல் கேட்கும் உரிமை அம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே இருந்தது என்பதும் தெரியாது. இரண்டையும் நான் முதுகலை படிக்கும்போதுதான் தெரிந்துகொண்டேன். அந்த வரியைப் படித்த அன்று நூலகத்தில் உட்கார்ந்து அழுதேன் என்பதை இங்கே எழுத எனக்குத் தயக்கமில்லை.

அந்த வழக்கின் எண்ணை இணையத்தில் தேடினால் அது முடிவுற்ற வழக்குகளில் ஒன்றாக வரும். தாங்கள் எனக்குச் சுட்டிக்காட்டிய தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பில், நிலுவை குறைந்ததற்கான கணக்கில், அம்மாவின் வழக்கும் ஓர் எண்ணாகச் சேர்ந்திருக்கும். அந்தத் தொகுப்பை நான் குறைத்துப் பேசவில்லை. எங்கே எத்தனை வழக்கு, எத்தனை ஆண்டாக நிலுவை என்பதைக் குடிமக்கள் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருப்பது பெரிய காரியம். என் ஆய்வின் முதல் இயல் முழுவதும் அதை வைத்துத்தான் எழுதப்படுகிறது. ஆனால் வழக்கு முடிந்ததா, வழக்காடியவர் ஓய்ந்துபோனாரா என்பதை அது சொல்லாது. பாதை இன்றும் அடைந்தே கிடக்கிறது என்பதையும், குளத்துக்கரையைச் சுற்றிப் போய் வாழைத்தார் சுமக்க முடியாமல் அந்த 30 சென்ட்டை வேலி போட்டவருக்கே குத்தகைக்கு விட்டோம் என்பதையும் அது சொல்லாது.

அம்மாவுக்காவது ஒரு வழக்கு எண் இருக்கிறது. காவல் நிலைய வாசலிலிருந்தே திரும்பியவர்களுக்கு அதுகூட இல்லை. மனு கொடுத்தால் மனு ரசீது தர வேண்டும். பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்றால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். இரண்டும் கேட்காமல் திரும்பி வந்தவரைப் பற்றிய காகிதம் இந்த நாட்டில் எந்த அலமாரியிலும் கிடையாது. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் மட்டுமே தெரியும். முன்னோட்ட ஆய்வுக்காகச் சென்ற ஆண்டு நான் பேசியவர்களில் பலர் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "ஜெயிச்சவன் தோத்தான், தோத்தவன் செத்தான்." இதைக் கிராமத்து மக்களின் மனப்பான்மை என்று எழுதிவிட்டு நகர்ந்த அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். மனப்பான்மை என்று எழுதுவதற்கு முன், எத்தனை வாய்தாவுக்குப் பிறகு இந்த வாக்கியம் ஒருவர் வாயில் வந்து உட்காருகிறது என்று கணக்கிட வேண்டாமா? என் ஆய்வின் கேள்வியே அதுதான். பீடிக் கணக்கு நோட்டுகள், கூலிச் சீட்டுகள், அடகு ரசீதுகள், மஞ்சள் பையில் மடித்து வைத்திருக்கும் மனு நகல்கள் ஆகியவற்றை வீடு வீடாகப் பார்த்து, நீதிமன்றத்துக்கும் காவல் நிலையத்துக்கும் நடந்த நடைக்கு ஒரு குடும்பம் கொடுத்த விலையைக் கணக்காக எடுக்க வேண்டும் என்பதுதான் நான் முன்வைத்த முறை. அந்தத் தரவு இணையத்தில் இல்லை. வேறு எங்கும் இல்லை.

சட்டத்துக்குக் குறைவில்லை என்பதைக் குழுவில் உள்ள சட்ட அறிஞர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பொருளாதாரக் குறைவோ வேறு இயலாமையோ காரணமாக எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தில் 39-அ உறுப்பு 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987-இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. நீதிமன்றமே கிராமத்துக்குப் போய் உட்கார வேண்டும் என்று சொன்ன கிராம நியாயாலயச் சட்டம் 2008-இல் நிறைவேறி 2009 அக்டோபர் 2 முதல் நடப்பில் இருக்கிறது. எங்கள் வட்டாரத்துக்கு அப்படியொரு நீதிமன்றம் வரவில்லை. சட்டத்துக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளக்க முடியாது, ஆனால் அளக்கவே முடியாத ஒன்றும் இல்லை.

அந்தத் தூரத்தை அளக்காமல் விட்டதன் விலை என்ன என்பதற்குத் திருநெல்வேலியில் ஓர் இடமே சாட்சியாக இருக்கிறது. கொக்கிரகுளத்தில் இருக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைச் சொல்கிறேன். 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிப் பிரச்சினைக்காகவும் சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலைக்காகவும் அங்கே மனுக் கொடுக்க ஊர்வலமாகப் போனவர்களில் 17 பேர், காவல் துறையின் தடியடிக்குப் பின் தாமிரபரணியில் உயிரிழந்தார்கள். 2017 அக்டோபர் 23, திங்கள்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாளில், கந்துவட்டிக் கொடுமைக்கு ஆளான ஒரு குடும்பத்தின் கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் அதே வளாகத்தில் தீக்குளித்து இறந்தார்கள். கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலிருந்தே இருந்தது. பதினான்கு ஆண்டுகளாகச் சட்டம் இருந்தும், திங்கள்தோறும் மனு வாங்கும் மேசை இருந்தும், அந்தக் குடும்பம் மண்ணெண்ணெயோடு வந்தது. அதற்குப் பிறகு குறைதீர்க்கும் நாளன்று மனுக் கொடுக்கப் போகிறவர்களின் பைகளை வாசலில் காவலர்கள் சோதித்து அனுப்புகிறார்கள். சோதனை வேண்டியதுதான். ஆனால் அந்த வாசலுக்கு வருமுன் ஒரு குடும்பம் எத்தனை வாசல்களில் நின்றது, ஒவ்வொரு வாசலிலும் என்ன பதில் கேட்டது என்பதை வரிசையாக எழுதிப் பார்க்கும் ஆய்வு ஒன்று நம்மிடம் இருக்க வேண்டாமா? இரண்டு நிகழ்வுகளும் மனுவில் தொடங்கியவை. மனுவிலிருந்து நீதி வரை உள்ள பாதையைப் படிக்க ஒரு மாணவி நிதி கேட்டால், களம் சிறியது என்று பதில் வருகிறது.

களம் சிறியதா என்பதையும் பார்த்துவிடுவோம். நான் தேர்ந்தெடுத்திருந்த ஊர்கள் மூன்று வகை. முதலாவது, களக்காடு, நாங்குநேரி பக்கத்துப் பீடித் தொழிலாளர் தெருக்களும் வாழைத் தோட்டக் கூலிக் குடியிருப்புகளும். இரண்டாவது, ராதாபுரம் வட்டத்துக் கடலோர மீனவ ஊர்கள். கூடங்குளம் அணு உலை எதிர்ப்புப் போராட்டத்தின்போது பதிவான வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே 6 அன்று சொன்ன பிறகும், அங்கே பல இளைஞர்கள் வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் எடுக்க முடியாமல் அலைந்திருக்கிறார்கள். மூன்றாவது, பாபநாசத்துக்கு மேலே, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள். வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. கிராம சபையின் தீர்மானத்தில் குறை இருந்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது அது. வனச் சோதனைச் சாவடியைத் தாண்டி இறங்கி வந்து போவதே ஒரு நாள் வேலையாக இருக்கும் குடியிருப்பில் அந்த 60 நாள் எப்படிக் கழிகிறது என்பதைப் போய்ப் பார்க்காமல் எழுத முடியாது. மலையில் ஒன்று, வயலில் ஒன்று, கடலில் ஒன்று. மூன்றிலும் சட்டம் வேறு, தொழில் வேறு, சாதி வேறு. இவை ஒரே மாவட்டத்துக்குள் இருப்பது என் ஆய்வுக்குக் கிடைத்த வசதி. அதைக் குறையாக எப்படி எண்ணினீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

இனிப் பணம். பெரிய தொகை எதையும் நான் கேட்கவில்லை. தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், பின்னர் முதுநிலையில் 42,000 ரூபாயும் கிடைக்கின்றன. அவர்கள் உழைத்துப் பெற்றது அது, அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் அந்தத் தேர்வில் தேறாதவர்களுக்கும் மாதம் 8,000 ரூபாய் என்று ஓர் ஏற்பாடு உண்டு. மாநிலப் பல்கலைக்கழகத்தில், தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்து, தனியார் கல்லூரியில் மணிக்கணக்குக்குப் பாடம் நடத்திக்கொண்டு ஆய்வு செய்யும் என்னைப் போன்றவர்களுக்குத் தங்கள் குழு போன்ற இடங்கள்தான் கதவு. சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்ட பிறகு மேலப்பாளையத்திலிருந்து வந்த என் தோழி ஒருத்தி ஆய்வையே விட்டுவிட்டாள். அவள் எடுத்திருந்த பொருள் பீடித் தொழிலாளர்களின் வைப்பு நிதி. கதவுகள் இப்படிக் குறைந்துகொண்டே போகையில், யார் ஆய்வு செய்கிறார்கள் என்பது மட்டுமல்ல, எது ஆய்வுப் பொருளாகிறது என்பதும் மாறிவிடுகிறது.

பயணச் செலவு பற்றி. முன்னோட்ட ஆய்வில் ஒரு கடலோர ஊருக்கு நான் நான்கு முறை போனேன். முதல் முறை போனபோது யாரும் எதுவும் சொல்லவில்லை, "நீ யாரு வீட்டுப் பிள்ளம்மா?" என்று மட்டும் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்குள் சாதி, மதம், தெரு, கட்சி எல்லாம் அடங்கும். இரண்டாம் முறை தேநீர் கொடுத்தார்கள். மூன்றாம் முறை ஓர் அம்மாள் தகரப் பெட்டியிலிருந்து காகிதங்களை எடுத்தார். அதற்குள் கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. நான்காம் முறைதான் பேச்சே நடந்தது. ஒரு மனிதரின் வாக்குமூலத்துக்கு நான்கு பயணம். இதை மிகை என்று கழித்துவிட்டு, வினாநிரலைக் கைப்பேசியில் அனுப்பலாமே என்று குழுவின் குறிப்பு சொல்கிறது. காவல் நிலையத்தில் தனக்கு என்ன நடந்தது என்பதை முன்பின் தெரியாத ஒருத்திக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புகிற பெண்ணை நான் இன்னும் சந்திக்கவில்லை. பயணத்துக்கு ஒவ்வொன்றாக ரசீது கேட்பதும் அப்படித்தான். மகளிருக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்து போகும் ஊர்களுக்கு நான் அதில்தான் போகிறேன். அதற்கு அப்பால் ஷேர் ஆட்டோவும் மினி பஸ்ஸும் பால் வண்டியும்தான். பால் வண்டிக்காரர் ரசீது புத்தகம் வைத்திருக்கமாட்டார்.

கூலியிழப்புத் தொகையைத் தகவலுக்குக் கொடுக்கும் விலை என்று தங்கள் குறிப்பு சொல்கிறது. இந்தச் சொல் என்னை மிகவும் வருத்தியது. பீடி சுற்றும் பெண் பேசிக்கொண்டே இலை வெட்டுவார், தூள் வைத்துச் சுற்றுவார், நூல் கட்டுவார். நடந்ததைச் சொல்லத் தொடங்கியதும் கை நின்றுவிடும். மூன்று மணி நேரம் கை நின்றால் அன்றைக்குக் கடையில் கொடுக்க வேண்டிய எண்ணிக்கை குறையும். தொடர்ந்து குறைந்தால் இலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த இழப்பை அவர் தலையில் கட்டிவிட்டு, அவர் சொன்னதை வைத்து நான் முனைவர் பட்டம் வாங்குவது அறமா என்று தங்களைக் கேட்கிறேன்.

சட்டமே இதற்கு வழிகாட்டியிருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் சட்டத்தின்கீழ் 1995-இல் வகுக்கப்பட்ட விதிகளில் 11-ஆவது விதியை எடுத்துப் பாருங்கள். பாதிக்கப்பட்டவரும் சாட்சியும் விசாரணைக்கு வந்துபோக இரண்டாம் வகுப்பு ரயில் கட்டணம் அல்லது உண்மையில் ஆன பேருந்துக் கட்டணம், குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத பராமரிப்புத் தொகை, சாப்பாட்டுச் செலவு ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பெண்களும் முதியவர்களும் துணைக்கு ஓர் ஆளை அழைத்து வரலாம், அவருக்கும் செலவு உண்டு என்கிறது. நீதிமன்றத்துக்குப் போகிற வழியில் ஏழையின் ஒருநாள் கூலி போகிறது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் 1995-லேயே உணர்ந்திருக்கிறார்கள். அந்த விதிப்படி பணம் கைக்கு வந்ததா என்று கேட்கப் போகிற ஆய்வாளரிடம், பேசுகிறவரின் கூலியை விலை என்று தங்கள் குழு சொல்கிறது.

மொழி பற்றி ஒரு சொல். விண்ணப்பம், ஆய்வுச் சுருக்கம், நேர்காணல் மூன்றும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பது தங்கள் விதி. நான் ஆங்கிலத்தில்தான் எழுதினேன், எழுதத் தெரியும். ஆனால் "அனுபவப் பாதை" என்ற சொல்லுக்கும், "ஊர்க்கட்டு" என்ற சொல்லுக்கும், "கோர்ட்டுக்கு நடந்து ஓய்ஞ்சி போச்சு" என்பதில் இருக்கும் ஓய்வுக்கும் நான் போட்ட ஆங்கிலச் சொற்களைப் பார்த்துவிட்டு, கருத்துகள் தெளிவாக இல்லை என்று மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொன்னது சரி. தமிழில் அவை தெளிவாகவே இருக்கின்றன. கீழமை நீதிமன்றத்தில் சாட்சி தமிழில் சொல்லலாம், தீர்ப்பும் தமிழில் எழுதலாம் என்று இருக்கும் மாநிலத்தில், அந்த நீதிமன்றங்களைப் பற்றிய ஆய்வுக்கு விண்ணப்பம் தமிழில் கொடுக்க ஏன் இடமில்லை?

ஆகவே நான் கேட்பவை இவை.

என் விண்ணப்பத்தை மறுபரிசீலனைக்கு எடுங்கள். அப்போது, கிராமக் களப்பணியில் நேரடி அனுபவமுள்ள ஒருவரும், மாவட்ட அளவில் ஏழைகளின் வழக்குகளை நடத்திய வக்கீல் ஒருவரும் மதிப்பீட்டாளர்களாக இருக்கட்டும். அதன் பிறகும் தகுதியில்லை என்று முடிவானால் அதை ஏற்பேன். ஆனால் காரணங்களை விரிவாக எழுதித் தாருங்கள், "தரவு இணையத்தில் உள்ளது" என்று எழுதுவதாக இருந்தால் எந்தத் தரவு, எந்த இடத்தில் என்பதையும் குறிப்பிடுங்கள்.

களப்பயணச் செலவை மற்றச் செலவுகளிலிருந்து பிரித்துத் தனித் தலைப்பாக வையுங்கள். முதலில் கைப்பணம் போட்டுவிட்டுப் பிறகு ரசீது காட்டி வாங்கிக்கொள்ளும் முறையை விட்டு, காலாண்டுக்கு ஒருமுறை முன்பணமாகக் கொடுங்கள். ரசீது கிடைக்காத பயணங்களுக்கு, நாள், இடம், தொகை குறித்து ஆய்வாளரும் வழிகாட்டிப் பேராசிரியரும் கையொப்பமிட்ட பட்டியலை ஏற்றுக்கொள்ளுங்கள். பேசுகிறவர்களின் கூலியிழப்புக்கு, மேலே சொன்ன 11-ஆவது விதியைப் பின்பற்றி, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தொகையை நிதி விதிகளில் சேருங்கள். இது எனக்காக மட்டும் கேட்பதல்ல. இனி வரும் ஆண்டுகளில் கிராமத்தைப் பற்றி எழுத வரும் ஒவ்வொருவருக்காகவும் கேட்கிறேன்.

தமிழில் விண்ணப்பிக்கவும், நேர்காணலில் தமிழில் பேசவும் இடம் கொடுங்கள். தங்கள் நிதியில் முடியும் ஒவ்வோர் ஆய்வின் முடிவுகளும் தமிழில் ஒரு சிறு அறிக்கையாக, ஆய்வு நடந்த ஊராட்சிகளுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் கட்டாயமாகப் போய்ச் சேர வேண்டும் என்ற நிபந்தனையையும் சேருங்கள்.

இந்த மடலுக்கு 30 நாளுக்குள் பதில் வேண்டும். பதிலை எழுத்தில், தமிழில் அனுப்புங்கள். அம்மாவுக்கு நான் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
முனைவர் பட்ட ஆய்வு மாணவி,
களக்காடு வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்